கம்பி இல்லாத ஒரு காலடி

இந்த வருஷம் நம் பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினான்கு பேருக்கும் எழுதுகிறேன். பதினான்கில் தமிழ் பேசுகிறவர்கள் ஆறு பேர், அந்த ஆறில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று பேர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். இந்தியில் எழுதிக் கொடுங்களேன் என்றார்கள் பிரிவில். எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒன்பது தப்பு. தப்பான இந்திக்குச் சரியான தமிழ் மேல் என்று விட்டுவிட்டேன்.

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். மாட்டுங்காவில் என் வீட்டு மாடிப்படி ஐம்பத்திரண்டு. நம் பிரிவின் ஜன்னல் கம்பிகள் இருபத்தெட்டு. அதில் ஒன்று நான் ஓய்வு பெறும்போதே ஆடிக்கொண்டிருந்தது. யாராவது சரி செய்தீர்களா, தெரியவில்லை. இந்தப் பழக்கம் நம் தொழிலுக்கு ரொம்ப வசதி. கை எத்தனை டிகிரி உயர்கிறது, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறார், எல்லாமே எண். எண் சரியாக வந்தால் ஆள் சரியாகிவிட்டார் என்று முப்பத்து நான்கு வருஷம் நம்பினேன். துல்லியமாகச் சொன்னால் முப்பத்து மூன்றே முக்கால். கடைசி மூன்று மாதத்தில் அந்த நம்பிக்கை கலைந்தது. கலைத்தவர் பஸ்ஸில் விழுந்து நம்மிடம் வந்த ஒரு பெண்மணி.

பஸ்ஸில் விழுந்து வருகிறவர்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். பெரிய விபத்தாக இருக்காது. பஸ் எதிலும் மோதியிருக்காது, பேப்பரில் வந்திருக்காது. டிரைவர் பிரேக் போட்டிருப்பார், நின்றிருந்தவர் விழுந்திருப்பார், பஸ் தன் வழியே போயிருக்கும். விழுந்தவருக்கு மணிக்கட்டோ தோளோ இடுப்போ போயிருக்கும். சில வாரத்தில் எலும்பு கூடிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை. வெளியே பெஞ்சில் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

எஸ்தர் அம்மா அப்படி வந்தவர்தான். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அப்போது வயது நாற்பத்தாறு. செம்பூரில் சிறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பதினான்கு வருஷமாக ஆயா. ஒரு ஜூலை மாதம் பஸ்ஸில் விழுந்து வலது தோள் எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் இருபத்திரண்டு தடவை வந்தார். ஒரு தடவைகூடத் தாமதமில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை. நவம்பரில், கடைசி நாள், மூட்டின் கோணத்தை அளக்கிற கோணமானியை வைத்து அளந்தேன். கை நூற்று முப்பத்தைந்து டிகிரி உயர்ந்தது. முழுசாக நூற்றெண்பது வராது, ஆனால் அந்த மாதிரி முறிவுக்கு அது நல்ல எண். கையின் பிடியும் நன்றாக இருந்தது. கேஸ் பேப்பரில் எழுதினேன். எலும்பு டாக்டர் என் எண்களைப் பார்த்துவிட்டு, எல்லா வேலையும் செய்யலாம் என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். நான் என் நோட்டில் எஸ்தர் அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தேன். அந்த மாதத்தின் பதினேழாவது டிக்.

நான்கு மாதம் போயிற்று. மார்ச்சில் ஒரு நாள் செம்பூரில் ஒரு பூணூல் கல்யாணத்துக்குப் போக லீவு போட்டிருந்தேன். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. நான் ஆறரைக்கே கிளம்பிவிட்டேன், நான் அப்படித்தான். பஸ் பாதி வழியில், சுனாபட்டி பக்கத்தில், நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடைபாதையில் எஸ்தர் அம்மா போய்க்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்து அவரைத் தாண்டியது. பஸ் நின்றது, அவர் பஸ்ஸைத் தாண்டினார். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவைதான் அவருடைய கையைக் கவனித்தேன். தோளில் மாட்டியிருந்த பையின் வாரை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அவருக்காக நின்றேன்.

"என்ன எஸ்தர் அம்மா, பஸ் கிடைக்கலையா?"

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டார். "நடக்கது ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்கதான சார் சொன்னீய."

"தாராவிலேர்ந்து செம்பூருக்கு நடக்கச் சொன்னேனா?"

"எது வரைக்கும்னு நீங்களும் சொல்லல. நானும் கேக்கல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை நாளா?"

"வேலைக்குத் திரும்பி வந்த நாளுலேர்ந்து."

போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு மாதம். மனசுக்குள் பெருக்க ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். "ரயில்ல வரலாமே?"

"அந்தக் கர்தியில, அந்தக் கூட்டத்துல, எவனாவது தோள்ல ஒரு இடி இடிச்சான்னா அங்கனயே உக்காந்துருவேன் சார். பஸ்ஸுன்னா, ஸ்டாப்புல போயி நிப்பேன். பஸ் வரும். கண்டக்டர் 'மாவ்ஷி, சலோ சலோ'ம்பாரு, சித்தி ஏறு ஏறுன்னு. காலு போவாது. பஸ்ஸு போயிரும்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"நூத்து முப்பத்தஞ்சுன்னு அவ்வளவு சந்தோசமா எழுதுனீய. அதப் போயி எப்படிக் கெடுக்க?"

இதை இன்னொரு தடவை வாசியுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் நம்மைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாம் முகத்தில் எதைக் காட்டுகிறோமோ அதைக் காப்பாற்றிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். நான் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன், அவர் எண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

கூடவே நடந்தேன். மீதியை நடந்துகொண்டே சொன்னார். ஜூனில் பள்ளி திறக்கும்போது, பள்ளி பஸ் ஒவ்வொன்றிலும் ஓர் ஆயா கூடப் போக வேண்டும் என்று புதிதாக முடிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஏற்ற வேண்டும், உட்கார வைக்க வேண்டும், வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டும், இறக்கிவிட வேண்டும். ஓடும் பஸ்ஸில் நிற்கிற வேலை. எஸ்தர் அம்மா தன்னால் முடியாது என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினாராம். எல்லா வேலையும் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறதே, அப்புறம் என்ன? முடியாதென்றால் ஜூனிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவர் எஸ்தர் அம்மா ஒருவர்தான்.

ஆக, அவருடைய வேலைக்கு உலை வைத்தது என் நூற்று முப்பத்தைந்து.

"சார், ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. பஸ்ஸுல ஏறக் கூடாதுன்னு."

அன்றைக்குப் பூணூல் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பந்தி. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

லெட்டர் எழுதுவது சுலபம். எழுதினால் வேலை தங்குமா, தங்காதா என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எழுதினால் இன்னொன்றும் நடக்கும்: இனி இவர் பஸ்ஸில் ஏற முடியாதவர் என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும். எழுதாவிட்டால், என் தப்பை மறைக்க அவரைத் தள்ளிவிட்டவன் ஆவேன். இரண்டு நாள் யோசித்தேன். டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, ஓடும் வண்டியில் நிற்க இயலாது என்று லெட்டர் வாங்கினேன். எஸ்தர் அம்மாவை வரவழைத்துக் காட்டினேன்.

"இது உங்களோடது. இப்பவே வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம். இல்லேன்னா மே முப்பத்தொண்ணு வரைக்கும் என் டிராயர்ல இருக்கட்டும். அன்னிக்குத்தான் எனக்கும் வேலையில கடைசி நாள். அதுவரைக்கும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம்."

"அதுக்குள்ள முடியுமா சார்?"

"எழுபத்தொரு நாள் இருக்கு."

"நாளக் கேக்கல. முடியுமான்னு கேட்டேன்."

"தெரியாது," என்றேன். நோயாளியிடம் அந்த வார்த்தையை அதுவரை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எண்ண ஒரு கை விரல்களே போதும். அவர் லெட்டரை என் பக்கமே தள்ளி வைத்தார்.

முதல் காரியமாக நானே ஒரு பஸ்ஸில் ஏறி, எதையும் பிடிக்காமல் நின்று பார்த்தேன். தாராவியிலிருந்து செம்பூர் போவதற்குள் எத்தனை பிரேக் என்று எண்ணுவது திட்டம். பதினோராவது பிரேக்கில் ஓர் இளைஞனுடைய மடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அங்கிள், சீட் வேணும்னா கேளுங்க, எழுந்து தர்றேன். மடி எதுக்கு?" என்றான் இந்தியில். பஸ் முழுக்கச் சிரித்தது. பதினொன்றோடு எண்ணிக்கை நின்றது.

மடியிலிருந்து எழுந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நம் பிரிவில் கட்டில் இருக்கிறது, கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன, நான்கு படி வைத்த மரப்படிக்கட்டு இருக்கிறது. எல்லாம் அசையாமல் நிற்கின்றன. ஆடுவது அந்த ஜன்னல் கம்பி ஒன்றுதான். ஆடாத இடத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு, ஆடுகிற ஊருக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஆட்டத்தை உள்ளே கொண்டுவந்தோம். எஸ்தர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் மாமா என்று கூப்பிடும் வார்டு உதவியாளர் தள்ளிக்கொண்டு ஓடுவார், திடீரென்று நிறுத்துவார். "மெதுவா மாமா, லைசென்ஸ் இருக்கா?" என்று எஸ்தர் அம்மா கேட்பார். மாமா மராத்திக்காரர், ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டார். பிறகு ஆட்டப்பலகையில் நிற்கவைத்தேன். நின்றபடி கம்பியைப் பிடிக்கச் சொன்னேன். இன்னும் இறுக்கி, இன்னும் நேரம். வாரத்துக்கு மூன்று நாளாக ஆறு வாரம், பதினெட்டு தடவை. வலது கையின் பிடி இடது கையைத் தாண்டிவிட்டது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

நடுவில் ஒரு நாள் அவர் சொன்னார்: "ராத்திரி தூங்கும்போதும் கை மூடியே கெடக்கு சார். காலையில ஒவ்வொரு வெரலா விரிக்கணும். கழுத்து வர வலிக்கி."

"பயிற்சி வலி. போகப்போகச் சரியாயிடும்," என்றேன், பிடியளவை நோட்டில் எழுதிக்கொண்டே.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கூட்டம் இருக்காது. தாராவியில் ஏறி மூன்றாவது ஸ்டாப்பில் இறங்குவது, அவ்வளவுதான். பஸ் வந்தது. எஸ்தர் அம்மா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். கால் போயிற்று. ஏறிவிட்டார். சீட் காலியாக இருந்தும் நின்றார், கம்பியைப் பிடித்துக்கொண்டு. பிரேக் விழுந்தது, அசையவில்லை. இரண்டாவது பிரேக், மூன்றாவது பிரேக், அசையவில்லை. நான் மனசுக்குள் டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது ஸ்டாப் வந்தது.

"எஸ்தர் அம்மா, இறங்கணும்."

"தெரியுது சார்."

"வாங்க."

"வாரேன்."

வரவில்லை. முகம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது, கால்கூட அரை அடி நகர்ந்திருந்தது, கை மட்டும் கம்பியிலேயே இருந்தது. கண்டக்டர் ஓர் இளம்பெண். "காகா, உதர்னா ஹை க்யா?" என்று, இறங்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். பின்னாலிருந்து ஓர் ஆள், "இறங்கப் போறியா, இல்ல இங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா?" என்றான். டிரைவர் ஹாரன் அடித்தார், பஸ்ஸுக்குள் இருக்கிற எங்களைப் பார்த்து. அவசரத்தில் நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். எஸ்தர் அம்மாவின் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஆள்காட்டி விரலைப் பிரித்தேன், நடுவிரலைப் பிரித்தேன். மூன்றாவது விரலுக்குப் போவதற்குள் முதல் விரல் மூடிக்கொண்டது. ஆறு வாரமாக நான் வளர்த்த பிடி அது. என்னால் அதைத் திறக்க முடியவில்லை.

"தொடாதீய சார்," என்றார் எஸ்தர் அம்மா, மெல்லிய குரலில்.

யோசிக்க இரண்டு நொடி இருந்திருக்கும். இழுத்து இறக்கிவிட்டால் இன்றைக்குத் திட்டம் முடியும், ஆனால் அதற்கப்புறம் அவர் எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார். இது எனக்கு எந்த அளவுகோலிலிருந்தும் தெரியவில்லை. அந்தக் குரலிலிருந்து தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். கண்டக்டரிடம், "போகலாம். கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு டிக்கெட்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எஸ்தர் அம்மாவின் கையைப் பார்த்தார், வேறெதுவும் கேட்காமல் பெல் அடித்தார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். இன்ஜின் அணைந்து, சத்தமெல்லாம் அடங்கி, ஒரு நிமிஷம் கழித்து எஸ்தர் அம்மாவின் விரல்கள் தாமாகவே திறந்தன. சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"க்யா ஹுவா, மாவ்ஷி? முன்னாடி எப்பவாவது விழுந்தீங்களா? எப்படி விழுந்தீங்க?"

இந்தக் கேள்வியை ஒரு கண்டக்டர் கேட்டார். நாற்பது தடவை எஸ்தர் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்த நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேஸ் பேப்பரில் 'பஸ்ஸில் விழுந்தார்' என்று எழுதியிருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எஸ்தர் அம்மா பாதி இந்தியிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார். "புடிச்சிட்டுத்தான் நின்னேன் தாயி. என் ஸ்டாப்பு வந்திச்சு, பஸ்ஸு நின்னிச்சு. நின்னுட்டேன்னு கைய விட்டேன். வாசலுக்கு ஒரு அடி வச்சேன். அதுக்குள்ள பஸ்ஸு ஒரு தடவ முன்னால போயி மறுபடி நின்னிச்சு. புடிக்க ஒண்ணும் இல்ல."

பிடித்திருந்த வரைக்கும் அவர் விழவில்லை. கையை விட்டபோது விழுந்தார். அன்றிலிருந்து அவருடைய உடம்பு எதையும் விடுவதில்லை. பையின் வாரை விடவில்லை, தூக்கத்திலும் விரலை விடவில்லை. தோள் காதுக்கு ஏறியதும் கழுத்து வலித்ததும் அதனால்தான். அப்படிப்பட்டவருக்கு, இன்னும் இறுக்கிப் பிடிப்பது எப்படி என்று நான் பதினெட்டு தடவை கற்றுக்கொடுத்திருக்கிறேன். நம்மைத் தவிர வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பிடி என்றால் நமக்குக் கூடுகிற எண். கையை விடுவதற்கு நம்மிடம் அளவே கிடையாது.

கண்டக்டர் தலையை ஆட்டினார். "எல்லாரும் அங்கேதான் விழறாங்க," என்று சொல்லி, எழுந்து போய் இடத்தைக் காட்டினார். சீட் வரிசையின் கடைசிக் கம்பிக்கும் வாசல் கம்பிக்கும் நடுவில் ஒரு காலடி. அங்கே பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லை. மேலே கம்பி உண்டு. எஸ்தர் அம்மாவின் நூற்று முப்பத்தைந்துக்கு அது எட்டாது.

"நீ எப்படித் தாண்டுத?" என்று எஸ்தர் அம்மா கேட்டார்.

"ஒரு கையில டிக்கெட் மெஷின், ஒரு கையில சில்லறை. பிடிக்க எனக்குக் கை ஏது, மாவ்ஷி? முதல் மாசம் நானும் கம்பியைக் கட்டிக்கிட்டுத்தான் டிக்கெட் கொடுத்தேன். கம்பிக்கும் உனக்கும் எப்போ கல்யாணம்னு பாசஞ்சர் கேப்பாங்க. அப்புறம் ஒரு பழைய கண்டக்டர் நிக்கக் கத்துக்கொடுத்தாரு."

காட்டினார். இடுப்பைச் சீட்டின் ஓரத்தில் சாய்த்து, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் தளர்வாக. பார்வை தரையில் இல்லை, முன் கண்ணாடி வழியாக ரோட்டில். ரோட்டைப் பார்த்தால் பிரேக் வருவது காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். "இன்னொண்ணு. பஸ் நின்ன உடனே நகராதே. நின்ன பிறகு அது ஒரு தடவை புஸ்ஸுன்னு மூச்சு விடும். மூச்சு விட்டாத்தான் நின்னுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி நிக்கறது சும்மா ஏமாத்து."

அடுத்த டிரிப்புக்கு எட்டு நிமிஷம் இருந்தது. அந்த எட்டு நிமிஷமும் காலி பஸ்ஸில் எஸ்தர் அம்மா அந்த ஒரு காலடியை முன்னும் பின்னுமாக வைத்தார். நான் ஒரு சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். எண்ணக்கூட இல்லை என்று சொன்னால் பொய். பதினாறு தடவை.

திரும்பி வரும்போது கண்டக்டர் தன் தண்ணீர் பாட்டிலை எஸ்தர் அம்மாவின் வலது கையில் கொடுத்தார். "இதை வெச்சுக்கோ. நான் டிக்கெட் போடணும்." இடது கையில் ஏற்கெனவே பை. இரண்டு கையும் நிறைந்துவிட்டது. இடுப்பைச் சாய்த்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு பிரேக்குக்கும் உதட்டைக் கடித்தார், ஆனால் நின்றார். தாராவி வந்தது. பஸ் நின்றது. எஸ்தர் அம்மா நகரவில்லை. புஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்த ஒரு காலடியை வைத்தார், அடுத்ததை வைத்தார், தரையில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க நான் பின்னாலேயே இறங்குவதற்குள் மேலேயிருந்து சத்தம் வந்தது.

"அரே மாவ்ஷி! மேரா பானி!"

பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். அந்தக் கண்டக்டரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. அந்த பஸ்ஸின் ஜன்னல்கள் எத்தனை என்று வேண்டுமானால் சொல்வேன்.

மீதி நான்கு வாரமும் நம் பிரிவில் பிடிக்கிற பயிற்சியை அடியோடு நிறுத்தினேன். விடுகிற பயிற்சி மட்டும். ஞாயிறுதோறும் பஸ். இரண்டாவது ஞாயிறு பின்னடைவு. ஏறவே இல்லை, திரும்பிவிட்டோம். மூன்றாவது ஞாயிறு ஏறினார், இறங்கினார். நான்காவது ஞாயிறு, நீங்க வர வேண்டாம் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தோள் மெல்ல மெல்லக் காதைவிட்டு இறங்கியது. காலையில் விரலை விரிக்க வேண்டியிருக்கவில்லை.

மே முப்பத்தொன்று அன்று எனக்குச் சால்வை போட்டார்கள், நான்கு பேர் பேசினார்கள். எஸ்தர் அம்மா கடைசியில் வந்தார். டிராயரைத் திறந்து, லெட்டரைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"கிழிக்காதீய, இங்க குடுங்க. பைக்குள்ள கெடக்கட்டும். இருக்குன்னு தெரிஞ்சா கை தானா விரியுது."

"வலி எப்படி?"

"இருக்கு சார். மழ வந்தா கூடும்போல. டிக்கெட் எடுக்காம கூடவே வருது. வந்துட்டுப் போட்டும், நான் எறங்குத எடத்துல எறங்கிக்கிடுதேன்."

கடைசியாக ஒரு தடவை அளந்தேன். நூற்று முப்பத்தைந்து. ஒரு டிகிரிகூட மாறவில்லை. நவம்பரில் பஸ்ஸைக் கண்டால் கால் நகராதவருக்கும் அதே எண், மே மாதத்தில் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கியவருக்கும் அதே எண்.

நம் கேஸ் பேப்பரில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. எப்படி விழுந்தீர்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. விழுந்த பிறகு எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதற்கும் இல்லை. பேனாவால் நீங்களே ஓரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்வியை முதல் நாள் கேளுங்கள். இரண்டாவதைக் கடைசி நாளிலும், அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் கேளுங்கள். கேட்கும்போது கையில் கோணமானி வேண்டாம். இருந்தால் அவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் முப்பத்து மூன்றே முக்கால் வருஷம் கழித்துக் கேட்டேன், அதுவும் தற்செயலாக.

ஜூனில் பள்ளி திறந்த நாள், போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் கேட்காமல், காலை ஏழேமுக்காலுக்கு செம்பூரில் அந்தப் பள்ளி வாசலுக்கு எதிரே போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எட்டு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது பள்ளி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. கை கம்பியில் மாட்டிக்கொண்டுவிட்டது, அந்த லெட்டரை இன்றைக்கே எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

பஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. முதல் பிள்ளை இறங்கியது. பிறகு இரண்டாவது. வரிசையாக இறங்கின. எண்ணினேன். பதினேழு பிள்ளைகளுக்குப் பிறகு எஸ்தர் அம்மா வந்தார். இடது இடுப்பில் அழுகிற ஒரு பிள்ளை, வலது கையில் மூன்று தண்ணீர் பாட்டில். எதையும் பிடிக்காமல் இறங்கி, என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், எண்ணியாச்சா?"

"பதினெட்டு. இடுப்புல இருக்கறதையும் சேர்த்து."

"பத்தொம்பது. ஒண்ணு கடேசி சீட்டுல தூங்குது."

மூன்று பாட்டிலையும் என் கையில் திணித்துவிட்டு, அழுகிற பிள்ளையோடு மறுபடியும் பஸ்ஸில் ஏறினார்.